காலையில மட்டும் ஓன் ஆகாத கடைக் கொம்பியூட்டர்: ராமா, பற்றரியா, பவர் சப்ளையா?

உப்புவெளி_கடையக்கா
வணக்கம் எல்லாருக்கும். உப்புவெளியில சின்னதா ஒரு கொமினிகேஷன் வச்சிருக்கிறன், போட்டோக் கொப்பி, டைப்பிங், லெமினேட், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறது, இதுகள்தான். கடைக் கொம்பியூட்டர் கொஞ்ச நாளா காலையில வந்து பட்டனை அமத்தினா ஓன் ஆகுதில்லை. சத்தமும் இல்லை லைட்டும் இல்லை, சில நாள் உள்ளுக்க ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நிண்டிடும். பிறகு கடையைக் கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கு வச்சு, தேத்தண்ணியும் குடிச்சிட்டு வந்து அமத்தினா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓன் ஆகுது. ஒருக்கா ஓன் ஆகிட்டுதெண்டா இரவு வரைக்கும் கரைச்சல் இல்லை, மத்தியானம் ஓஃப் பண்ணிட்டு சாப்பிடப் போய் வந்து போட்டாலும் உடனே வரும்.

ரிப்பேர் கடை ஒண்டுக்குக் கொண்டு போனன். அங்க இருந்த தம்பி கரண்ட் வயரைக் குத்தி வச்சிட்டு வேற ஆளின்ட லெப்டொப் வேலையை முடிச்சிட்டு வந்து அமத்தினார், உடனே ஓன் ஆகிட்டுது. திருப்பித் திருப்பி அமத்தியும் ஓன் ஆகுது. எனக்கு வெக்கமாப் போச்சு. கடைசியில மதர்போட் பழசு, மாத்துங்கோ எண்டு சொல்லி விட்டிட்டார். மாத்த முதல் இங்க கேப்பம் எண்டு நினைச்சன். ஐ5 நாலாம் ஜெனரேஷன், எச்81 போட், 8 ஜீபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை. செகண்ட் ஹேண்டா வாங்கினது. இன்னொண்டு, ஓன் ஆனாப் பிறகு திகதி பழைய வருசத்துக்குப் போய் நிக்குது, அதால இன்டர்நெட்டில பேஜ் திறக்க விடாமல் ஏதோ செக்கியூரிட்டி எண்டு சிவப்பில காட்டுது.

நிலாவெளிப்பெடியன்
அக்கா இது சிம்பிள். ராமைக் கழட்டி அந்த மஞ்சள் நிறப் பல்லை அழிரப்பரால தேய்ச்சிட்டுத் திருப்பிப் போடுங்கோ, பத்துக்கு ஒன்பது அதுதான். கடற்கரைப் பக்கம் உப்புக் காத்துக்கு எல்லாம் பாசி பிடிக்கும். அதோட மதர்போட்டில இருக்கிற பயோஸ் பற்றரியும் செத்துட்டுது, அதான் திகதி போகுது. சரிவரேல்லை எண்டா விண்டோஸைப் புதுசா அடிச்சு விடுங்கோ.

பாலையூற்று_பார்வையாளன்
நாலாம் ஜெனரேஷன் 2013ல வந்தது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போட்டும் முடிஞ்சுது, 11 இந்த புரொசசரை எடுக்காது, எட்டாம் ஜெனரேஷனில இருந்துதான். இதுக்குக் காசு செலவழிக்கிறதே வேஸ்ட் எண்டது என்ர அபிப்பிராயம், புதுசா ஒண்டு பாருங்கோ.

சீனக்குடா_வயர்மேன்
தங்கச்சி, ஒண்டையும் வாங்காதேங்கோ, ஒண்டையும் அடிச்சு விடாதேங்கோ. பவர் அமத்தி ஃபேனே சுத்தாத மெஷினில விண்டோஸ் எங்க இருந்து வந்தது, அது இன்னும் நித்திரையில கிடக்குது, ஹார்ட் டிஸ்கைத் தொடவே இல்லை.

"ஓன் ஆகுதில்லை" எண்டு சனம் சொல்லுறதுக்குள்ள மூண்டு வேற வேற வருத்தம் இருக்குது. அமத்தினா செத்த பிணம் மாதிரி ஒண்டுமே இல்லை எண்டா அது கரண்ட் வாற வழி, பவர் சப்ளை, பட்டன், இதுக்குள்ளதான். ஃபேன் சுத்துது, நிக்குது, திருப்பிச் சுத்துது எண்டா ராம், புரொசசருக்குப் போற கரண்ட், எங்கயாவது ஷோட், அந்தப் பக்கம். ஃபேன் நல்லாச் சுத்துது மொனிட்டரில ஒண்டும் வரேல்லை எண்டாத்தான் தம்பி சொன்ன ராம் தேய்க்கிற வேலைக்கு முதலிடம். உங்கட கதை முதலாவது வகை. ராம் இல்லாமலே ஒரு போட் ஃபேனைச் சுத்தும், பீப் அடிக்கும், அதால ராமை விடுங்கோ.

ரெண்டு கேள்வி. இரவு கடை பூட்டேக்க சுவர் சுவிட்சையும் ஓஃப் பண்ணுறனீங்களோ? காலையில ஓன் ஆகாமக் கிடக்கேக்க மௌஸுக்குக் கீழ சிவப்பு லைட் எரியுதோ, பின்னால நெட்வேர்க் வயர் குத்துற இடத்தில லைட் இருக்குதோ?

உப்புவெளி_கடையக்கா
ஓம் அண்ணை, சுவிட்ச் எல்லாம் ஓஃப் பண்ணித்தான் போறனான். ஐப்பசி கார்த்திகையில இங்க அடிக்கிற இடி மின்னலுக்கு ஆர் ஓனில விட்டிட்டுப் போறது, பக்கத்து வீட்டு டீவி, ரவுட்டர் எல்லாம் போன வருசம் ஒரே அடியில போச்சுது. மௌஸ் லைட் இண்டைக்குக் காலையில பாத்தனான். முதல் இல்லை, பிறகு மங்கலா மினுங்கி மினுங்கி இருந்து, நேரம் போகத்தான் வடிவா எரிஞ்சுது. அது எரிஞ்சாப் பிறகு அமத்தினன், ஓன் ஆகிட்டுது!

சீனக்குடா_வயர்மேன்
பாதிக் கதை அந்த மௌஸிலயே இருக்குது. பவர் சப்ளைக்குள்ள உண்மையில ரெண்டு சப்ளை. பெரிய பகுதி மெஷின் ஓடேக்க மட்டும் வேலை செய்யிறது, 12 வோல்ட், 5, 3.3 குடுக்கிறது. சின்னப் பகுதி ஒண்டு சுவர் சுவிட்ச் போட்ட நேரத்தில இருந்தே உயிரோட இருக்கும், அதுக்குப் பேர் ஸ்டான்ட்பை, 5 வோல்ட் மட்டும். நீங்கள் பட்டனை அமத்துறதை மதர்போட் உணர்றதே அந்தக் கரண்டிலதான், ஓஃப் பண்ணின மெஷினில மௌஸ் எரியிறதும் அதாலதான். அந்த 5 வோல்ட் சரியா ஏறாட்டி நீங்கள் நாள் முழுக்க அமத்தினாலும் போட்டுக்குத் தெரியாது. என்ர சந்தேகம் அந்தச் சின்னப் பகுதியில இருக்கிற கப்பாசிட்டரில, கரண்டைச் சேத்து வச்சு விடுற குட்டி உருளை அது. பழசாப் போனா ராத்திரி ஆறிக் கிடந்திட்டுக் காலையில உடனே வேலை செய்யாது, கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்.

ரிப்பேர் கடையில ஏன் ஓன் ஆச்சுது எண்டு விளங்குதோ இப்ப? குத்தி வச்சிட்டு லெப்டொப் பாக்கப் போன நேரம்தான் உங்கட தேத்தண்ணி நேரம்.

மழை இடி இல்லாத ஒரு இரவு சுவர் சுவிட்சை ஓனில விட்டிட்டு, மெஷினை மட்டும் வழமை போல ஷட்டவுன் பண்ணிட்டுப் போங்கோ. காலையில முதல் அமத்திலயே வருகுதோ, திகதி சரியா நிக்குதோ எண்டு ரெண்டையும் பாருங்கோ.

கிண்ணியா_கரண்ட்நானா
அக்கா, வயரிங்காரன் ஒருத்தன் கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. மெஷின் எந்த பிளக்கில குத்தி இரிக்கு? பழைய கடைகள்ல உருண்டை முள் பிளக்கை சதுர ஓட்டை பிளக் பேஸுக்குள்ள, மேல எர்த் ஓட்டையில பேனையக் குத்தித் திறந்து, தள்ளி வச்சிருப்பாங்க. அது பாதி தொட்டும் தொடாமலும் நிக்கும், ஸ்பார்க் அடிக்கும், எர்த்தும் வராது. காலையில ஓன் ஆகாத கேஸ் பாதி அங்கதான் முடியும். கேசிங் இரும்பில புறங்கையை வச்சா சுள்ளெண்டு அடிக்குதா?

உப்புவெளி_கடையக்கா
நானா நீங்கள் என்ர கடைக்கு வந்திருக்கிறீங்களோ 😅 பேனை குத்தித்தான் பிளக் போட்டது, அதுவும் ஒரு மல்டி பிளக்கில, அதிலயே போட்டோக் கொப்பி மெஷினும் இருக்குது. சுள்ளெண்டு அடிக்கிறது உண்மை, செருப்பைக் கழட்டிட்டு நிண்டா இன்னும் கூடுதலா அடிக்கும். கடல் பக்கத்து ஈரம் எண்டு நினைச்சு விட்டிட்டன்.

கிண்ணியா_கரண்ட்நானா
ஈரம் இல்ல அக்கா, எர்த் இல்ல. பவர் சப்ளைக்குள்ள கரண்ட் வர்ற ரெண்டு லைனில இருந்தும் கேசிங்குக்கு ரெண்டு குட்டி கப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, இரைச்சலை வடிகட்டுறதுக்கு. எர்த் இருந்தா அதுல கசியிறது மண்ணுக்குப் போயிரும். எர்த் இல்லாட்டி 230ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட் கேசிங்ல நிக்கும். ஆம்பியர் மிச்சம் குறைவு, அதால ஆளைக் கொல்லாது, ஆனா வர்ற ஆக்கள் பென் ட்ரைவ் குத்தேக்க, பிரிண்டர் வயர் கழட்டேக்க போர்ட்டுக்குக் கூடாது. உள்ளுக்க வேற ஏதும் கசிஞ்சா அப்ப ஆளுக்கும் ஆபத்து. போட்டோக் கொப்பி மெஷின் சூடாக்கேக்க பெரிய இழுவை இழுக்கும், அதுக்குத் தனி பிளக் குடுங்க. எர்த் ரொட் இருக்கா, ட்ரிப் சுவிட்ச் டெஸ்ட் பட்டன் வேலை செய்யுதா எண்டு ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க.

மூதூர்_மச்சான்
இடையில பூருறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கும் இதே பிரச்சினை. ஃபேன் சுத்தும், ரெண்டு மூண்டு செக்கன்ல நிக்கும், திருப்பித் தானாச் சுத்தும், இப்பிடியே போகும். வீட்டில தூசு தட்டின நாளில இருந்துதான். நானும் பவர் சப்ளை மாத்தவோ?

சீனக்குடா_வயர்மேன்
தம்பி உங்கட இதே பிரச்சினை இல்லை, மேல சொன்ன ரெண்டாவது வகை. தூசு தட்டேக்க எதையோ அசைச்சிருக்கிறீங்கள். புரொசசருக்குப் பக்கத்தில தனியா குத்துற 4 பின் வயர் ஒண்டு இருக்குது, கறுப்பும் மஞ்சளுமா, அது கிளிக் எண்டு இருக்குதோ பாருங்கோ. பிறகு சுவர் வயரைக் கழட்டிட்டு ராம் ரெண்டையும் எடுத்து ஒண்டை மட்டும் போட்டு ஓன் பண்ணுங்கோ, வராட்டி அதையே மற்ற ஸ்லொட்டில. இடையில ஒவ்வொரு முறையும் வயரைக் கழட்ட வேணும், ஸ்டான்ட்பை இருக்கேக்க ராம் இழுக்கக் கூடாது.

பாலையூற்று_பார்வையாளன்
வயர்மேன் அண்ணை, உங்கட கதை கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா ஒரு சந்தேகம். காலையில குளிருக்கு கப்பாசிட்டர் வேலை செய்யாது எண்டு வெளிநாட்டுக்காரர் எழுதினதை நானும் வாசிச்சிருக்கிறன், அது ஐஸ் கொட்டுற ஊர். திருகோணமலையில எங்க அண்ணை குளிர்? விடியக் காத்தால போர்வையே தேவையில்லை.

சீனக்குடா_வயர்மேன்
நல்ல கேள்வி. ஊர்க் குளிரைச் சொல்லேல்லை. சுவர் சுவிட்ச் ஓனில இருக்கேக்க அந்தச் சின்னப் பகுதி தன்ர சூட்டிலயே வெதுவெதுப்பா இருக்கும், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாட்டி அறை வெப்பத்துக்கு வந்திடும், அந்த வித்தியாசம் போதும். கப்பாசிட்டருக்குள்ள ஒரு திரவம், வருசக் கணக்கில அது காயக் காய உள் எதிர்ப்பு கூடிக்கொண்டு போகும். நல்ல கப்பாசிட்டருக்கு அறை வெப்பம் ஒரு பொருட்டே இல்லை, காய்ஞ்சதுக்குத்தான் அந்தப் பத்துப் பாகை பெரிய விசயம். கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் ஓடிச் சூடாக எதிர்ப்பு இறங்கும், வோல்ட் ஏறும், மௌஸ் மினுங்கி மினுங்கிப் பிறகு எரியிறது அதுதான்.

காயிறதுக்குக் காரணம் எங்கட ஊர் வெக்கைதான். பத்துப் பாகை கூடினா ஆயுள் பாதியாகும் எண்டு ஒரு கணக்கு இருக்குது. தகரக் கூரைக் கடையில ஆடி ஆவணியில கச்சான் காத்து அடிக்கேக்க உள்ளுக்க என்ன வெக்கை எண்டு அக்காவிட்டக் கேளுங்கோ, அதுக்கு மேல பவர் சப்ளை ஃபேனில தூசு கம்பளியா அடைச்சிருக்கும், உள்ளுக்க இன்னும் கூட. பிறகு வாடை தொடங்க அந்தத் தூசு ஈரம் குடிக்கும், உப்பும் சேரும், ஈரத் தூசு கரண்டைக் கடத்தும். கொழும்பில ஏசி ஒபிஸில இருந்த மெஷின் இங்க வந்து கெதியா சாகிறதுக்கு வேற மந்திரம் ஒண்டும் இல்லை.

உப்புவெளி_கடையக்கா
நேற்று வானம் வெளிச்சிருந்தது, பயந்து பயந்து சுவிட்சை ஓனில விட்டிட்டுப் போனன். காலையில முதல் அமத்திலயே ஓன்! திகதியும் சரி! அப்ப இனி இப்பிடியே விட்டாச் சரிதானே அண்ணை, செலவில்லாமல் முடிஞ்சுதே?

நிலாவெளிப்பெடியன்
சூப்பர் அக்கா. இடி நேரத்தில மட்டும் வயரைக் கழட்டி விடுங்கோ, போதும்.

சீனக்குடா_வயர்மேன்
போதாது. வருத்தம் எங்க எண்டு தெரிஞ்சுது, மாறேல்லை. காயிறது நிக்காது, இப்ப தேத்தண்ணி நேரம் எடுக்கிறது பிறகு மத்தியானம் வரைக்கும் இழுக்கும், பிறகு வரவே வராது, அதுவும் ஓ எல் சோதனைப் பிள்ளைகள் வரிசையில நிக்கிற நாளாப் பாத்து. அதை விடப் பெரிய பயம், மலிவான பழைய பவர் சப்ளை சிலதில ஸ்டான்ட்பை வோல்ட்டை அளந்து கட்டுப்படுத்துற இடத்திலயே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது செத்தா வோல்ட் குறையாது, கூடும், 5 வர வேண்டிய இடத்தில எக்கச்சக்கமாப் போய் மதர்போட்டையும் கொண்டு போயிடும். அப்பதான் அந்த ரிப்பேர்த் தம்பி சொன்னது பலிக்கும்.

திகதிக் கதை தனி. சுவிட்ச் ஓனில இருந்தா மணிக்கூடு ஸ்டான்ட்பையில ஓடும், ஓஃப் எண்டாத்தான் போட்டில இருக்கிற காசு மாதிரி வட்டப் பற்றரி, சீஆர்2032. அது 3 வோல்ட், உங்கடது இறங்கியிருக்குது. பற்றரி செத்ததால ஓன் ஆகாமப் போறது மிச்சம் குறைவு, எஃப்1 அமத்து எண்டு கேட்டிட்டு ஓடும். ரெண்டு வருத்தமும் ஒரே நேரத்தில வந்ததால சனம் ஒண்டு எண்டு நினைக்கும்.

மீட்டர் ஒண்டு கிடைக்குமோ? கேசிங் மூடியைக் கழட்டி 24 பின் பெரிய பிளக்கைப் பாருங்கோ. கழட்ட வேண்டாம், குத்தின படியே. மீட்டரை டீசி 20இல வச்சு, கறுப்பு முனை ஒரு கறுப்பு வயருக்கு, சிவப்பு முனை ஊதா வயரின்ட முதுகுப் பக்கத்தால மெதுவா உள்ளுக்க. ஊதாதான் ஸ்டான்ட்பை. இரவு ஓஃப் பண்ணி வச்சு, காலையில சுவர் சுவிட்ச் போட்ட உடனே எவ்வளவு, கொஞ்சம் பொறுத்து எவ்வளவு எண்டு எழுதுங்கோ. 4.75க்கும் 5.25க்கும் இடையில நிக்க வேணும், அதுதான் ஸ்டான்டர்ட்.

ஊதா முதல் செக்கனே 5இல அசையாமல் நிண்டா நான் சொன்னது பிழை, பச்சை வயரைப் பாக்க வேணும். பச்சை சும்மா இருக்கேக்க மேல நிக்கும், பட்டன் அமத்தினா பூச்சியத்துக்கு விழ வேணும். விழேல்லை எண்டா பட்டன் அல்லது போட். கடற்கரைக் கடைகளில அந்த முன் பட்டன் உப்புப் பிடிச்சு வேலை செய்யாமப் போறதும் நடக்கிறது, அப்ப போட்டில பட்டன் வயர் குத்தின ரெண்டு முள்ளையும் ஸ்க்ரூ ட்ரைவரால ஒரு செக்கன் தொட்டா ஓன் ஆகும், அதில பிடிபட்டிடும்.

மூதூர்_மச்சான்
4 பின் வடிவா இருக்குது. ஒரு ராம் மட்டும் போட்டன், முதல் ஸ்லொட்டில அதே ஆட்டம், ரெண்டாவது ஸ்லொட்டில போட்ட உடனே டிஸ்ப்ளே வந்திட்டுது! மற்ற ராமும் அதில வேலை செய்யுது. அப்ப ஸ்லொட் பழுதாப் போயிட்டுதோ?

நிலாவெளிப்பெடியன்
ஸ்லொட்டுக்குள்ள தூசு தள்ளுப்பட்டிருக்கும் மச்சான், மெல்லிய பெயிண்ட் பிரஷால தட்டி விடுங்கோ. வாயால ஊதாதேங்கோ, எச்சில் போகும். ராமை அழிரப்பரால தேய்ச்சிட்டு அந்தத் துகளையும் துடைச்சிட்டுப் போடுங்கோ. என்ர அழிரப்பருக்கு இந்த இழையில ஒரு கேஸாவது கிடைச்சுதே.

உப்புவெளி_கடையக்கா
அத்தானின்ட மீட்டரால அவரே வந்து பாத்தவர். சுவிட்ச் போட்ட உடனே ஊதா 3.4. அமத்தினன், ஒண்டும் இல்லை. மெதுவா 3.9, 4.2 எண்டு ஏறிச்சுது, 4.7 தாண்டினாப் பிறகு அமத்த ஓன் ஆகிட்டுது. வட்டப் பற்றரியையும் கழட்டிப் பாத்தவர், 2.3. அத்தான் சொல்லுறார் பவர் சப்ளையைத் திறந்து கப்பாசிட்டரை மட்டும் மாத்தித் தரவோ எண்டு, சோல்டரிங் அயன் அவரிட்ட இருக்குது.

சீனக்குடா_வயர்மேன்
3.4 எண்டா இனிக் கதைக்க ஒண்டும் இல்லை, பவர் சப்ளைதான். மதர்போட் பாவம், அதில ஒரு பிழையும் இல்லை.

அத்தானைத் திறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஸ்டான்ட்பைக் கப்பாசிட்டர் சில்லறைக் காசுதான், ஆனா அதுக்குப் பக்கத்தில நிக்கிற பெரிய கப்பாசிட்டரில 230 ஏசி டீசியா மாறி 325 வோல்ட் அளவில இருக்கும், வயரைக் கழட்டினாப் பிறகும் இருக்கலாம். வீட்டு வயரிங் செய்யிற நல்ல ஆக்களே அங்க அடி வாங்கியிருக்கினம். ஒண்டை மாத்தினாலும் மற்றதுகளும் அதே வயசுதானே.

வாங்கேக்க ஸ்டிக்கரில பெரிசா அடிச்ச வோட்ஸைப் பாக்காதேங்கோ. 12 வோல்ட் வரிசையில எத்தினை ஆம்பியர் எண்டு சின்ன எழுத்தில இருக்கும், அதை 12ஆல பெருக்கிப் பாருங்கோ, 500 எண்டு போட்டிட்டு உள்ளுக்க 200 தேறாததும் விக்கிறாங்கள். உங்கட புரொசசர் வகை 84 வோட்ஸ் அளவு, தனி கிராஃபிக்ஸ் இல்லை, முழு மெஷினும் 150ஐத் தாண்டாது. கரண்டை அதிகம் வீணாக்காது எண்டதுக்குக் குடுக்கிற 80 பிளஸ் முத்திரை உள்ள 450 வோட்ஸ் ஒண்டு தாராளம். செகண்ட் ஹேண்ட் பவர் சப்ளை மட்டும் வாங்காதேங்கோ, அது இன்னொருத்தரின்ட காய்ஞ்ச கப்பாசிட்டர். பாலையூற்றுத் தம்பி சொன்ன மாதிரி பிறகு புது மெஷினுக்குப் போனாலும் இதே பெட்டி அதிலயும் பூட்டும், ஏடிஎக்ஸ் எண்ட இந்தப் பெட்டி அளவு 1995ல வந்தது, இப்பவும் அதே அளவுதான். ஒபிஸுகளில இருந்து வாற பிராண்டட் மெஷின் எண்டால் மட்டும் கவனம், சிலதின்ட பிளக் வேற.

பாலையூற்று_பார்வையாளன்
அதெண்டால் சரி, வீண் போகாது. ஆனா அக்கா, அந்த மெஷினில கடைக் கணக்கு, பேங்க் வேலை செய்யாதேங்கோ, அப்டேட் வராத விண்டோஸில ஆக்கள் கொண்டு வாற பென் ட்ரைவ் எல்லாம் குத்துற இடம் அது.

உப்புவெளி_கடையக்கா
பேங்க் எல்லாம் போனிலதான் தம்பி. பவர் சப்ளை வாங்கிப் பூட்டியாச்சு, பற்றரியும் மாத்தியாச்சு. இரவு வழமை போல எல்லாம் ஓஃப் பண்ணிட்டுப் போய்க் காலையில போட்டன், சுவிட்சும் பட்டனும் அடுத்தடுத்து, உடனே ஓன், திகதியும் சரி. பழைய பெட்டியைத் தூக்கிப் பாத்தா புதுசின்ட பாதிப் பாரம்கூட இல்லை.

ஆனா நானா, சுள்ளெண்டு அடிக்கிறது இன்னும் அடிக்குது, புது பவர் சப்ளையிலயும்.

கிண்ணியா_கரண்ட்நானா
அடிக்கும் அக்கா, நல்ல பவர் சப்ளை எண்டா இன்னும் வடிவா அடிக்கும், அந்த ரெண்டு கப்பாசிட்டரும் அதுல சரியா இரிக்கும். பேனையக் கழட்டிட்டு புதுப் பெட்டியோட வந்த மூணு முள் வயரையே குத்துங்க. அதுக்கும் அடிச்சா பிளக் பேஸுக்கு எர்த் வயர் வரல்ல எண்டு அர்த்தம். மழை பிடிக்க முந்தி ஆளைக் கூப்பிடுங்க.

நிலாவெளிப்பெடியன்
அக்கா பழைய பவர் சப்ளையை எறியாதேங்கோ, அதின்ட ஃபேன் எனக்கு வேணும்.

சீனக்குடா_வயர்மேன்
ஃபேனுக்காகத் திறக்கிறதெண்டாலும் ஒரு கிழமை வயர் குத்தாமல் வச்சிட்டுத் திற, அந்தப் பெரிய கப்பாசிட்டர்ப் பக்கம் கை வைக்காத.

உப்புவெளி_கடையக்கா
பேனை கழட்டியாச்சு, மூண்டு முள் குத்தியாச்சு, சுள் இல்லை! அப்ப எர்த் இருந்திருக்குது, நாங்கள்தான் குத்தேல்லை. போட்டோக் கொப்பிக்கு வேற பிளக் அடிக்க அத்தான் ஞாயிற்றுக்கிழமை வாறார். தம்பி, பெட்டி கடையில இருக்குது, நிலாவெளி பஸ்ஸில இறங்கி எடுத்துக்கொண்டு போங்கோ.